நிறுவியுடன் வரும் வெளிப் பொதிகள்

ஒரு நிரலாக்க மொழியின் இயல்பான நிறுவியிலேயே, அம்மொழிக் குழுவைச் சேராத பிறர் உருவாக்கிப் பராமரிக்கும் பொதிகளையும் சேர்த்து வழங்குவது உண்டு. இவை வெளிப் பொதிகள் எனப்படும். மொழிக் குழுவே பராமரிக்கும் செந்தர நிரலகத்திலிருந்து இவை வேறானவை.

தேவை

பைத்தான் 3-இல் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்ற விடை வரும். ஒருங்குறியில் அச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதே இதற்குக் காரணம். த, மி, ழ் என மூன்று எழுத்துகளாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் என்னும் வெளிப் பொதி உதவுகிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' தமிழ் நிரலாக்க மொழித் திட்டத்திலிருந்து கிளைத்தது இது. பைத்தான் நிறுவியில் இது இல்லை. தனியே நிறுவ வேண்டும்.

பைத்தானின் வழி

2014 மார்ச்சில் வெளியான பைத்தான் 3.4 முதல், பொதிகளை நிறுவும் 'பிப்' கருவி நிறுவியுடன் சேர்ந்தே வருகிறது. பிப்பும் ஒரு வெளிப் பொதிதான். எல்லாப் பொதிகளையும் சேர்ப்பதற்குப் பதிலாக, அவற்றைக் கொண்டுவரும் கருவியை மட்டும் சேர்த்தனர். பிப்பின் ஒரு படி நிறுவிக்குள்ளேயே இருப்பதால், அதை நிறுவ இணையம் தேவையில்லை. நோட்.ஜேஎஸ் நிறுவியும் இவ்வாறே என்பிஎம் கருவியைத் தருகிறது. மாறாக, அனகோண்டா என்னும் வெளியீடு நம்பை, பாண்டாஸ் முதலிய பல அறிவியல் பொதிகளைப் பைத்தானுடன் சேர்த்தே தருகிறது. அதனால் அதன் அளவும் பெரிது.

எதிர்வாதங்கள்

மொழியின் புதிய பதிப்பு பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையே வருகிறது. பொதியில் பாதுகாப்புக் குறை தெரிந்தால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. 'ரிக்வெஸ்ட்ஸ்' பொதி மிகப் பரவலாகப் பயன்பட்டும் செந்தர நிரலகத்தில் சேர்க்கப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், ஒருமுறை சேர்த்ததை நீக்குவது கடினம். பராமரிப்பார் அற்றுப்போன 19 செந்தரக் கூறுகள் 2024 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.13-இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டன.

இணையம் இல்லாத கணினிகளில்

பிப் இருந்தாலும் பொதிகளைப் பெற இணையம் வேண்டும். இணைப்பில்லாத பள்ளி ஆய்வகத்தில், வேறொரு கணினியில் பிப்பின் 'டவுன்லோடு' கட்டளையால் பொதியையும் அது சார்ந்த பிற பொதிகளையும் ஒரு கோப்புறையில் இறக்கி, பென் டிரைவில் எடுத்துச் சென்று நிறுவலாம். நிறுவும்போது, இணையக் களஞ்சியத்தைத் தேடாமல் அக்கோப்புறையையே பார்க்குமாறு பிப்பிடம் குறிப்பிட வேண்டும். இரு கணினிகளிலும் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒன்றாக இருப்பது நல்லது.