நிருபர் கேட்கும்போது விடை கூறுவோம்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த நம்மவரில் உத்தியோகம் பார்ப்போர் பலர். சிறு தொழில் நடத்துவோரும் பலர். இட்லி மாவு அரைத்து விற்போர், மெஸ் வைத்திருப்போர், அப்பளமும் ஊறுகாயும் செய்து தருவோர், புடவை வியாபாரிகள், தையற்கடைக்காரர் என அவர்கள் தொழில்கள் பலதிறப்பட்டவை. சரக்கு நல்ல சரக்கே, நாணயத்திலும் குறைவில்லை. எனினும், தமிழர் மிகுந்த இரண்டு தெருக்களைக் கடந்துவிட்டால் அவர்களை அறிவார் இலர். பெரிய நாளிதழில் விளம்பரம் கொடுக்கவோ கையில் பொருள் இல்லை. இந்நிலையில் காசு செலவின்றிப் பத்திரிகையில் நம் தொழிலின் பெயர் நேர்மையாக இடம்பெற ஒரு வழி உண்டு. அதனைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

நிருபர் ஒருவர் கட்டுரை எழுதப் புகும்போது, அப்பொருளைத் தம் கையால் தொட்டுப் பழகிய ஆள் ஒருவரின் வாய்மொழி அவருக்கு வேண்டும். மாலைக்குள் கட்டுரையை முடித்துத் தரவேண்டிய அவசரமும் இருக்கும். ஆகவே, ‘இது பற்றிச் சொல்லக்கூடியவர் யாரேனும் உளரா?’ என்று அவர் வெளிப்படையாகவே கேட்கிறார். அக்கேள்விக்குத் தக்க விடை தருபவரின் பெயரும் கடையின் பெயரும் கட்டுரையில் வருகின்றன.

அமெரிக்காவில் இதற்கென ஓர் ஏற்பாடே தோன்றியது. பீட்டர் ஷாங்க்மன் என்பவர் 2008-ஆம் ஆண்டில் ‘ஹெல்ப் எ ரிப்போர்ட்டர் அவுட்’ என்னும் மின்னஞ்சல் சேவையைத் தொடங்கினார். நிருபர்களின் கேள்விகளைத் திரட்டி, வேலை நாள்களில் நாளொன்றுக்கு மூன்று முறை அனுப்புவது அதன் முறை. 2010-இல் அது ஒரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. பின்னர் வேறு பெயர் பூண்டு, 2024 டிசம்பரில் மூடப்பட்டது. 2025-இல் மற்றொரு நிறுவனம் அதனை வாங்கிப் பழைய பெயரிலேயே மீண்டும் நடத்தலாயிற்று. ஏற்பாடுகள் வரும், போகும். நிருபரின் தேவை மட்டும் மாறுவதில்லை.

நம் நாட்டில் நிருபர்கள் பெரும்பாலும் எக்ஸ், லிங்க்ட்இன் ஆகிய தளங்களிலும், வணிகர் சங்கங்களின் வாட்ஸப் குழுக்களிலும் கேட்கிறார்கள். நாம் வாழும் நகரின் செய்திப் பக்கங்களில் உணவு, விலைவாசி, சிறு தொழில் பற்றி எழுதுவோர் யாவர் என்று ஒரு மாத காலம் கவனித்து, அவர்களைத் தொடர்வது முதற்படி. பின்னர், ‘இன்ன தொழில் செய்கிறோம், இன்னின்ன பொருள் பற்றிக் கேட்டால் சொல்ல இயலும்’ என்று இரண்டு வரியில் அறிமுகம் செய்துகொள்வது இரண்டாம் படி.

எப்போது கேட்பார்கள்? 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்ற நாளை நினைத்துப் பாருங்கள். 2022 ஜூலை 1-ஆம் நாள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடை செய்யப்பட்டன. அதே மாதம் 18-ஆம் நாள், உறையிட்டுப் பெயரொட்டிய அரிசிக்கும் தயிருக்கும் 5 விழுக்காடு வரி வந்தது. இத்தகைய நாள்களில் சிறு வியாபாரியின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. நாம் வாய் திறவாதிருந்தால், நம் இன்ப துன்பங்களை அறியாத வேறொருவர் நமக்காகப் பேசிவிடுவார். கடைப்பெயர் அச்சில் வருவதைக் காட்டிலும் இது பெரிய காரியம் என்பது நம் கருத்து.

இனி, விடை எழுதும் முறை. பிளாஸ்டிக் தடையினால் சிறு மெஸ்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். ‘எங்கள் மெஸ் தரத்துக்கும் சுவைக்கும் பெயர் பெற்றது; வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் இலட்சியம்’ என்று எழுதினால் அது நிருபருக்குப் பயன்படாது. ‘சாம்பார் கட்டிக்கொடுக்கக் கெட்டித்தாள் கிண்ணம் வாங்குகிறோம்; சாப்பாடு ஒன்றுக்கு 4 ரூபாய் செலவு கூடியது; விலையை ஏற்றவில்லை, பாத்திரம் கொண்டுவருவோருக்கு 5 ரூபாய் குறைத்தோம்’ என்று எழுதினால், அது அப்படியே கட்டுரையில் ஏறும். கேட்ட கேள்விக்கு விடை முதலில். உண்மையான கணக்கு ஒன்று. மூன்று நான்கு வாக்கியம். இறுதியில் பெயர், கடை, பேட்டை, எத்தனை ஆண்டாக நடத்துகிறோம், தொலைபேசி எண். இவ்வளவே போதும். கேள்வி வந்த ஓரிரு மணி நேரத்துக்குள் அனுப்புதல் நலம். மறுநாள் அனுப்பும் விடை எவ்வளவு நன்றாயினும் வீணே.

மொழி தடையாகுமே என்று தயங்க வேண்டியதில்லை. இந்தியும் மராத்தியும் வங்காளமும் ஆங்கிலமும் நம் பிள்ளைகள் பள்ளியில் பயில்கின்றனர். பெரியோர் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். ஆனால் இக்காலத்தில் எழுத்து இயந்திரங்களிடம் விடையையே கேட்டு வாங்கி அனுப்பும் வழக்கம் பெருகிவிட்டது. மொழியைத் திருத்த அவற்றை நாடலாம். இல்லாத அனுபவத்தை அவற்றால் ஆக்கித் தர முடியாது. ஒரே அச்சில் வார்த்த விடைகள் குவியக் கண்டு நிருபர்கள் சலித்துப் போயிருக்கிறார்கள். நம் அடுப்படியில் நடந்ததை நாமே சொல்வதுதான் அவர்களுக்கு வேண்டும்.

எச்சரிக்கையாகச் சில சொற்கள். அச்சில் வரவேண்டாதது எதுவோ, அதனைச் சொல்லாதிருப்பதே நன்று. சொன்ன பின் ‘போடாதீர்கள்’ என்றால் நிருபர் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர். கட்டுரை முழுவதையும் முன்னதாகக் காட்டுமாறு கேட்பது முறையன்று. நாம் கூறிய எண்களைச் சரிபார்த்துக்கொள்ளும்படி வேண்டலாம். நம் கஞ்சி மாவு நீரிழிவைத் தீர்க்கும் என்பன போன்ற பேச்சு வேண்டவே வேண்டாம். உணவு நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடுக்கின்றன. விளம்பரத்தில் கூடாதது பேட்டியில் மட்டும் அழகாகுமா? ‘இத்தனை ஆயிரம் கொடுத்தால் செய்தி வரும்’ என்பாரை அப்பொழுதே விலக்குக. காசுக்குச் செய்தி போடும் கேட்டினை ஆராய்ந்து இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010-இல் அறிக்கையே வெளியிட்டது. பேசுபவர் மெய்யான நிருபர்தாமா என்ற ஐயம் எழுந்தால், அப்பத்திரிகையின் அலுவலகத்தை அழைத்துக் கேட்டறிக.

பத்து முறை எழுதினால் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். அதனால் மனம் தளர வேண்டா. வந்த கட்டுரையைக் கத்தரித்துக் கடையில் ஒட்டிவைத்தால், ஒரு நாள் செய்தி பல ஆண்டு பேசும். எழுதிய நிருபருக்கு ஒரு வரி நன்றி தெரிவித்தால், அடுத்த முறை அவரே நம்மைத் தேடி வருவார்.

அன்பர்கள் இம்மாதம் ஒரு சிறு காரியம் செய்ய வேண்டுகிறோம். தம் தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் தயங்காமல் விடை கூறத்தக்க மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். அவற்றைத் தொகுத்து வைத்தால், நிருபர் எவரேனும் கேட்கும் நாளில் தக்கவரிடம் அவரை உடனே அனுப்ப முடியும். வந்து வாழும் ஊரில் நம் உழைப்பை நான்கு பேர் அறிய அது ஒரு தொடக்கமாகட்டும்.