டொலிடோவைக் கொடுத்து மாநிலமான மிச்சிகன்

அமெரிக்காவின் ஒஹையோவும் மிச்சிகனும் 1835இல் ஆளுக்கொரு படையைத் திரட்டிக்கொண்டு எல்லைக்கு வந்தன. சண்டை 468 சதுர மைல் நிலத்துக்காக. இதை டொலிடோ போர் என்கிறார்கள். பெயர்தான் போர்; யாரும் சாகவில்லை.

வினை வரைபடத்தில் இருந்தது. மிச்சிகன் ஏரியின் தென்முனை வழியாகக் கிழக்கு மேற்காகச் செல்லும் கோடுதான் எல்லை என்றது 1787இன் வடமேற்குப் பிரதேசச் சட்டம். அன்றைய வரைபடம் அந்த முனையை உண்மையில் இருப்பதைவிட வடக்கே காட்டியது. மௌமீ ஆறு ஈரி ஏரியில் கலக்கும் இடம் தங்கள் பக்கம்தான் வரும் என்று ஒஹையோக்காரர்கள் நம்பினார்கள். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. கோடு தெற்கே இறங்கிவிட்டாலும் கழிமுகம் எங்களுக்கே என்று 1802இல் தங்கள் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள், மறுவருடம் மாநிலமானார்கள். 1805இல் உருவான மிச்சிகன் பிரதேசத்துக்கோ பழைய சட்டத்தின் கோடுதான் எல்லை. அடுத்தடுத்து நடந்த இரண்டு நில அளவைகளில் 1817இன் கோடு ஒஹையோவுக்கும் 1818இன் கோடு மிச்சிகனுக்கும் சாதகமாக விழுந்தன. நடுவில் சிக்கியது அந்தக் கழிமுகத்தில் இருக்கும் டொலிடோ. 1825இல் ஈரி ஏரியைக் கிழக்குக் கடற்கரையோடு இணைக்கும் ஈரி கால்வாய் திறந்ததும் அந்தத் துறைமுகத்தின் மதிப்பு ஏறிவிட்டது.

மிச்சிகனின் தற்காலிக ஆளுநர் ஸ்டீவன்ஸ் மேசனுக்கு 1835இல் வயது 23. அந்தப் பகுதியில் ஒஹையோவின் அதிகாரத்தைச் செலுத்துகிறவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை கடுங்காவல் என்று சட்டம் போட்டார். ஏப்ரலில் ஒஹையோவின் நில அளவையாளர்களை மிச்சிகன் ஆட்கள் மடக்கிப் பிடித்தார்கள். தலைக்கு மேலே சுட்டதோடு சரி. ஜூலையில் மிச்சிகன் அதிகாரி ஒருவரைப் பேனாக்கத்தியால் குத்தியவரின் பெயர் டூ ஸ்டிக்னி. அண்ணன் பெயர் ஒன். அப்பா பிள்ளைகளுக்கு எண்ணையே பெயராக வைத்திருந்தார்! குத்துப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். செப்டம்பரில் ஒஹையோ நீதிபதிகள் நள்ளிரவுக்குப் பிறகு டொலிடோவில் அவசர அவசரமாக நீதிமன்றம் கூட்டி, நடந்ததாகக் குறிப்பெழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மிச்சிகன் பக்கம்தான் சட்டம் இருந்தது. மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரும் அப்படியே சொன்னார். ஆனால் பிரதேசத்துக்கும் மாநிலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும். பிரதேசத்தின் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், நீக்குவார். நாடாளுமன்றத்தில் அதற்கு ஒரே பிரதிநிதி. அவருக்கும் வாக்குரிமை கிடையாது. ஒஹையோவுக்கோ 1836 குடியரசுத் தலைவர் தேர்தலில் 21 தேர்வாளர் வாக்குகள். பக்கத்து இந்தியானாவும் இல்லினாயும் பழைய சட்டத்தின் கோட்டைத் தாண்டி வடக்கே நிலம் பெற்றவை. ஒஹையோ தோற்றால் தங்கள் எல்லைக்கும் ஆபத்து என்று அதன் பக்கம் நின்றன. மூன்றுக்கும் சேர்த்து 35 வாக்குகள். குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் மேசனைப் பதவியிலிருந்து நீக்கினார். அக்டோபரில் மிச்சிகன் மக்கள் அவரையே ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

1836 ஜூனில் நாடாளுமன்றம் விலை சொன்னது: டொலிடோவை விட்டுக்கொடு, வடக்கே உள்ள மேல் தீபகற்பத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள், மாநிலமாகு. பனிக்காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மிச்சிகன்காரர்கள் செப்டம்பர் மாநாட்டில் மறுத்தார்கள். ஆனால் படைச்செலவு கஜானாவைக் காலிசெய்திருந்தது. மத்திய அரசு தன் உபரிப் பணத்தைப் பங்கிடவிருந்தது. அதுவும் மாநிலங்களுக்கு மட்டும். டிசம்பரில் கூடிய இரண்டாவது மாநாடு சம்மதித்தது. 1837 ஜனவரி 26இல் மிச்சிகன் 26ஆவது மாநிலமானது.

1840களில் அந்தப் பனிக்காட்டில் செம்பும் இரும்பும் வெட்டத் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகள் நாட்டின் செம்புக்கு அதுவே முக்கிய ஊற்று. மிச்சிகனுக்கு நியாயம் கிடைக்கவில்லை, லாபம் கிடைத்தது என்பேன். நிலத்தின் எல்லையை 1915இல் மறுபடி அளந்து கல் நட்டார்கள். ஈரி ஏரித் தண்ணீருக்குள் எல்லை எங்கே என்ற மிச்சத் தகராறை உச்ச நீதிமன்றம் 1973இல்தான் தீர்த்துவைத்தது.