எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் ஒரு கொலை

நகரத்துக் கொலையைப் பற்றிக் கதை எழுதுகிறவருக்கு ஜனத்திரள் என்னும் பெரிய சௌகரியம் வாய்த்திருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத லட்சக்கணக்கான மனிதர்களுக்கு நடுவே குற்றவாளி மறைந்துகொள்ளலாம், துப்பறிபவரும் அவனைத் தேடித் தெருத்தெருவாய் அலையலாம். முப்பது நாற்பது வீடுகள் மாத்திரமே உள்ள மலைக்கிராமத்தில், அதிலும் பனி விழுந்து கணவாய்ப் பாதை அடைபட்டுவிட்ட மாதங்களில், இந்தச் சௌகரியத்துக்கு இடமில்லை. கொலையுண்டவனின் பாட்டனார் யார், அவன் யாரிடம் கடன்பட்டிருந்தான், எந்த மேய்ச்சல் நிலத்துக்காக எவரோடு மனஸ்தாபம் என்பதெல்லாம் அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இவ்வளவும் தெரிந்திருக்கும் ஊரில் ஒரு குற்றம் எங்கே ஒளிந்துகொள்கிறது என்ற கேள்வியை நேர்நின்று எதிர்கொண்ட நூல்களே மலைநாட்டுக் குற்றக் கதைகளில் சிரேஷ்டமானவை என்பது என் அபிப்பிராயம்.

இந்த வரிசையில் முதலில் வைக்கத் தக்கது, பிரெஞ்சு நாவலாசிரியர் ழான் ஜியோனோ 1946-இல் எழுதி மறு வருஷம் வெளியிட்ட 'கேளிக்கையற்ற அரசன்'. உலக யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் சில மாதங்கள் சிறையில் அடைபட்டு, வெளிவந்த பிறகும் சக எழுத்தாளர்களின் பகிஷ்காரத்துக்கு ஆளாகியிருந்த காலத்தில் அவர் எழுதிய நூல் அது. கிரனோபிள் நகருக்குத் தெற்கே, மலைகள் அரணாய்ச் சூழ்ந்த திரியேவ் பிரதேசத்தில், 1843-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் கதை தொடங்குகிறது. மேகம் கூரைகளின்மேல் இறங்கிப் பக்கத்து வீடும் கண்ணுக்குத் தெரியாமற்போன ஒரு நாளில், வெளியே சென்ற இருபது வயதுப் பெண்ணொருத்தி திரும்பி வரவில்லை. அவளைத் தொடர்ந்து வேறு சிலரும் அவ்வாறே மறைகின்றனர். கிராமத்தார் கதவுகளைத் தாழிட்டுக்கொண்டு, தொழுவத்துக்குப் போவதற்கும் துணை தேடும் நிலைமை வருகிறது.

அந்த ஊரில், மரம் அறுக்கும் ஆலை ஒன்றின் அருகே, அழகுக்காக எல்லோராலும் கொண்டாடப்பட்ட பிரம்மாண்டமான பீச் மரம் ஒன்று நிற்கிறது. ஆலைக்காரர் நாள்தோறும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார். வசந்தத்தில் அதன் தளிர்களையும் இலையுதிர்காலத்தில் அதன் செந்நிறத்தையும் பார்த்துப் பரவசப்படாத கிராமவாசி ஒருவர்கூட இல்லை. காணாமற் போனவர்களின் சடலங்கள் அம்மரத்தின் கிளைகளுக்கிடையிலேயே ஒளித்து வைக்கப்பட்டிருந்தன என்று ஒரு மூடுபனிக் காலையில் தெரியவரும்போது நாம் அடையும் திகில், பிணத்தைக் கண்டதனால் மட்டும் உண்டாவதன்று. இத்தனை கண்கள் இத்தனை நாள் அன்போடு பார்த்துக்கொண்டிருந்த இடம் அது என்பதனாலேயே அது நெஞ்சைவிட்டு அகலாமல் நிற்கிறது.

மரத்திலிருந்து இறங்கிச் செல்பவனைப் பனியில் பதிந்த அடிச்சுவடுகளைப் பற்றிக்கொண்டே ஆலைக்காரர் மலையைக் கடந்து பின்தொடர்கிறார். சுவடுகள் ஷிஷிலியான் என்ற கிராமத்தில், மனைவி மக்களோடு கௌரவமாய் வாழும் ஒரு குடும்பஸ்தனின் வீட்டு வாசலில் முடிகின்றன. ஆசிரியர் அவனுக்கு இரண்டு எழுத்துகளைத் தவிர வேறு பெயர் கொடுக்கவில்லை. விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி லாங்க்லுவா அவனை நியாயஸ்தலத்துக்குக் கொண்டுபோகாமல், ஊருக்கு வெளியே இரண்டு குண்டுகளால் தாமே சுட்டுவிட்டு, உத்தியோகத்தையும் ராஜினாமா செய்துவிடுகிறார். நீண்ட பனிக்காலத்தின் சூனியத்தில், வெண்மையின்மேல் சிந்தும் ரத்தம் மனிதனை வசீகரிக்கக் கூடும் என்பதையும், அந்த வசீகரம் தமக்குள்ளும் உண்டென்பதையும் அவர் உணர்ந்துவிட்டார் என்றே நான் படித்தேன். பிற்காலத்தில் ஓநாய் ஒன்றை அதேபோல் இரண்டு குண்டுகளால் அவர் கொல்லும் அத்தியாயத்தைப் பார்த்த பிறகு எனக்கு இதில் ஐயமேயில்லை.

சுவிட்சர்லாந்து ஆசிரியர் டியூரன்மாட், 1958-இல் வெளியான 'வாக்குறுதி'யில், ஊரின் நிச்சயம் எவ்வளவு ஆபத்தானது என்று காட்டினார். சூரிச்சை அடுத்த கிராமத்தில் சிறுமி கொல்லப்பட்டதும், குடியானவர்கள் திரண்டு, ஊர் ஊராய்ச் சரக்கு விற்றுவந்த ஒரு நாடோடி வியாபாரியைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்கிறார்கள். காவலில் இடைவிடாத விசாரணைக்குப் பின் ஒப்புக்கொண்ட அம்மனிதன் தூக்கிட்டுக்கொள்கிறான். உண்மைத் தடயமோ சிறுமி வரைந்த படத்தில், வளைந்த கொம்புடைய மலையாட்டின் உருவில் இருந்தது: கிரௌபுண்டன் என்னும் மலை மாகாணத்து மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டில் உள்ள சின்னம் அது. பிரெஞ்சு எழுத்தாளர் பிரெட் வர்காஸ் 1999-இல் எழுதிய நாவலிலும் பழி இவ்வாறே தனியனைத் தேடிப் போகிறது. இத்தாலியிலிருந்து ஓநாய்கள் 1992 வாக்கில் பிரான்ஸின் மெர்கந்தூர் மலைகளுக்குத் திரும்பி வந்தது மெய்யான சரித்திரம்; அதன்மேல் எழுப்பிய கதையில், ஆடுகள் கடியுண்டு மடிய, உடலில் ரோமமில்லாத தனியன் ஒருவனை ஓநாய் மனிதன் என்று நம்பும் அளவுக்குக் கிலி பரவுகிறது. அவனுடைய ரோமம் தோலுக்கு உள்ளே வளர்கிறதாம்!

போலந்தின் ஓல்கா டோகார்சுக், இறந்தோரின் எலும்புகளின்மேல் ஏர் ஓட்டுவதைப் பற்றிய ஆங்கிலக் கவி பிளேக்கின் வரியைத் தலைப்பாக்கி 2009-இல் எழுதிய நாவல், செக் எல்லையை ஒட்டிய க்வோட்ஸ்கோ பிரதேசத்து மலைமேட்டில் நிகழ்கிறது. 1945-க்குப் பின் ஜெர்மானியக் குடிகள் வெளியேற்றப்பட்டு, போலிஷ் மக்கள் குடியேறிய பூமி அது. பனிக்காலத்தில் அந்த மேட்டில் தங்குபவர் மூவரே. கைத்தொலைபேசி ஒரு நிமிஷம் போலந்து நிறுவனத்தையும் மறு நிமிஷம் செக் நிறுவனத்தையும் பிடிக்கிறது. முன்பு பாலம் கட்டும் என்ஜினீயராயிருந்து, இப்போது பூட்டிய கோடைவீடுகளைப் பார்த்துக்கொள்ளும் யானினா துஷெய்கோ என்ற மூதாட்டியே கதை சொல்கிறாள். வேட்டைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராய் மாண்டுபோக, மிருகங்கள் பழிவாங்குகின்றன என்று அவள் போலீசாருக்கு மனு மேல் மனு எழுதுகிறாள். ஆனால் போலீஸ் தலைவரே வேட்டைக்காரர். பாதிரியார் வேட்டைக்கு ஆசீர்வாதம் செய்கிறவர். நியாயம் கேட்கக் கதவில்லாத கிழவியைப் பைத்தியமென்று ஒதுக்குவது அவ்வூருக்கு எத்தனை எளிதாயிருக்கிறது!

கொலையாளி யாரென்பதை நான் இங்கே வெளியிடப்போவதில்லை. உண்மை புலப்பட்டபின் அதை அறிந்துகொண்ட சிலர் மௌனம் காக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லலாம். அத்தனை நேரம் யானினாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த நாமும், சட்டத்தில் எவ்வளவு பற்றுடையவர்களாயினும், அவர்களில் யாரும் வாய்திறந்துவிடக் கூடாதே என்று விரும்பத் தொடங்கிவிடுகிறோம்.