தண்ணீர்கூடத் தங்காத மசக்கை

“மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும்ளா, நாங்கள்லாம் பெறலையா?” வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கம் வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணுக்கு ஆச்சியோ அத்தையோ சொல்லும் ஆறுதல் இது. பெரும்பாலான பெண்களுக்கு இந்த ஆறுதலே போதும். ஐந்தாறு வாரத்தில் தொடங்கும் குமட்டல் ஒன்பதாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே வடிந்துவிடும். ஆனால் நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது அந்தச் சாதாரண மசக்கை இல்லை. அவர்களுக்குக் குடித்த தண்ணீரும் நிற்காது, எச்சிலை விழுங்கினாலும் ஓங்கரிக்கும். மருத்துவர்கள் இதைத் தனி நோயாகவே வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள். “எல்லாருக்கும் உள்ளதுதானே” என்ற ஆறுதல் இந்தப் பெண்களை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் வீட்டிலேயே கிடத்திவிடுகிறது.

எது எந்த வகை என்று வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். எத்தனை தடவை வாந்தி எடுத்தாள் என்று எண்ணுவதைவிட, வாந்திக்கு நடுவே என்ன தங்குகிறது என்று பாருங்கள். சாதாரண மசக்கையில் நாலு வாய் கஞ்சியாவது உள்ளே நிற்கும். ஒரு முழு நாள் எதுவுமே நிற்கவில்லை, எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, போனாலும் கட்டன்சாயா நிறத்தில் போகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி இருந்தாலும் அப்படியே. எடை இன்னொரு அடையாளம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போது அட்டையில் எடையைக் குறித்துத் தருவார்கள். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் 47.5 கிலோவுக்கு வந்துவிட்டால், அது கடுமையான வகைதான். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்வதை முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கான சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். அன்று எழுதும் அந்த எடைதான் பிறகு அளவுகோல்.

ஆஸ்பத்திரியில் முதலில் சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது கூடுதலாக இருந்தால் உடம்பு உணவில்லாமல் தன் கொழுப்பையே கரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்கேனும் எடுப்பார்கள். இரட்டைப் பிள்ளையாக இருந்தாலும், கரு வளராமல் முத்துப்பிள்ளையாகத் திரண்டிருந்தாலும் வாந்தி மிஞ்சிப் போகும். சிறுநீர்த்தொற்று, தைராய்டு இரண்டையும் சோதித்துவிடுவது நல்லது.

அடுத்தது டிரிப்ஸ். இங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். தெம்பில்லை என்றால் “ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்” என்று நாமே கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. இரண்டு மூன்று வாரமாகச் சோறு தங்காத உடம்பில் தயாமின் என்கிற பி1 வைட்டமின் அநேகமாகத் தீர்ந்திருக்கும். சர்க்கரையைச் சக்தியாக மாற்ற அது கட்டாயம் வேண்டும். அது இல்லாத உடம்பில் குளுக்கோஸை இறக்கினால், மிச்சம் மீதி இருந்த தயாமினும் செலவழிந்து, அந்தக் குறை மூளையைத் தாக்கும். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். வெர்னிக்கி நோய் என்று இதற்குப் பெயர். காலத்தில் கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து, பிழைத்தாலும் ஞாபகசக்தி போய்விடலாம். ஆகவே முறை இதுதான்: முதலில் சலைன் எனும் உப்புநீர், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத் தேவைக்கு ஏற்பப் பொட்டாசியம், கூடவே தயாமின் ஊசி. குளுக்கோஸ் அவசியமானால் தயாமின் கொடுத்த பிறகுதான். கூடவரும் கணவரோ அம்மாவோ “பி1 ஊசி போட்டாச்சா டாக்டர்?” என்று கேட்பதில் தப்பே இல்லை. மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம்.

மாத்திரைக்குப் பயப்படுவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1950களின் கடைசியில் ஐரோப்பாவில் மசக்கைக்குக் கொடுத்த தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்தன. அந்தப் பயம் அடுத்து வந்த எல்லா மருந்தின் மேலும் படிந்துவிட்டது. டாக்ஸிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரையை (இங்கே டாக்ஸினேட் என்று கேட்டால் மருந்துக்கடையில் தெரியும்) அமெரிக்காவில் விற்ற நிறுவனம் வழக்குகளுக்கு அஞ்சி 1983இல் அதை நிறுத்தியது. மருந்தில் கெடுதல் எதுவும் நிரூபணமாகவில்லை. நிறுத்திய பிறகு மசக்கை வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள்தான் கூடினார்கள். 2013இல் அதே கூட்டு மருந்துக்கு அங்கே மறுபடி அனுமதி கிடைத்தது. தூக்கம் வரவழைக்கும் மருந்து என்பதால் ராத்திரியில் தொடங்குவார்கள். அதற்கும் நிற்காவிட்டால் மெட்டோகுளோபிரமைடு, ஆன்டான்செட்ரான் என்று அடுத்த படிகள் இருக்கின்றன. முதல் மூன்று மாதத்தில் ஆன்டான்செட்ரான் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் பத்தாயிரத்துக்கு மூன்று பேர் அளவில் உதடு, அண்ணப் பிளவு கூடுதலாகத் தெரிந்தது. அந்தச் சிறு அபாயத்தையும், தாய் பட்டினியாகக் கிடக்கும் பெரிய அபாயத்தையும் மருத்துவர் எடைபோட்டுக் கொடுப்பார். தானாக வாங்கி விழுங்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டினால் நர்ஸம்மாவிடம் சொல்லிக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். ஃபோலிக் ஆசிட் மட்டும் தொடர வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியதில் பாதி, அடுப்படியிலிருந்து அவளை விடுவிப்பதுதான். இந்தப் பெண்களுக்கு மூக்குதான் எதிரி. மிளகாய் வற்றல் தாளிப்பு, கருவாடு, கொதிக்கிற குழம்பு என்று எதுவும் ஆகாது. கணவர் சமைக்கட்டும், முடியாவிட்டால் மதினி வீட்டிலிருந்து வரட்டும். ஆறிய சோற்றில் வாசனை குறைவு, அதனால் சூடாகச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தென்காசி மாவட்டத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்கள் நிறைய. புகையிலைத்தூளின் நெடி குமட்டலைக் கிளப்புவதோடு, நிகோட்டினும் தோல் வழியாக உள்ளே போகும். அந்த மாதங்களில் பீடித்தட்டு வேறு வீட்டில் இருக்கட்டும்.

காலையில் படுக்கையைவிட்டு எழும் முன்பே கொஞ்சம் பொரியோ ரஸ்கோ வாயில் போட்டுக்கொள்ளலாம். வயிறு காலியாக இருந்தால் ஓங்கரிப்பு கூடும், ஆகவே மணிக்கு ஒருமுறை இரண்டு வாய். தண்ணீரைச் சோற்றோடு சேர்க்காமல் தனியாக, மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், மோர், இளநீர், சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லாம் வெறும் தண்ணீரைவிட மேல். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்திலேயே இருக்கிறது. கீறிய பழத்தை முகர்வதே சிலருக்குக் கேட்கிறது. இஞ்சி லேசான குமட்டலுக்கு உதவும், தண்ணீரே தங்காதவளுக்கு அது போதாது. அவளிடம் போய்ச் சுக்குக் கஷாயத்தை நீட்டுவது கொடுமை.

“வேலைக்குப் பயந்து நடிக்கிறா” என்ற பேச்சுக்கு 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு பதில் சொல்கிறது. இந்த நோயால் 1999இல் தன் கருவையே இழந்த ஆய்வாளர் மார்லேனா ஃபெஸோவும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓ’ராஹிலியும் அதை நடத்தியவர்களில் இருந்தார்கள். கருவும் நஞ்சும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன்தான் தாயின் மூளையில் குமட்டலைக் கிளப்புகிறது. கர்ப்பத்துக்கு முன் உடம்பில் அது குறைவாக இருந்த பெண்களுக்கு, திடீரென்று கூடும்போது தாங்குவதில்லை. தலசீமியா நோயுள்ள பெண்களுக்கு எப்போதுமே அது கூடுதலாக இருக்கும். அப்படிப்பட்ட பெண்களிடம் இலங்கையில் விசாரித்தபோது, அவர்களில் மசக்கை வாந்தி கண்டவர்கள் மிகச் சிலரே.

ஒரு பிள்ளைக்கு இப்படி வந்தால் அடுத்ததற்கும் வர வாய்ப்பு அதிகம். அதனால் இரண்டாவது தடவை நாள் தள்ளிப்போனதுமே நர்ஸம்மாவிடம் முதல் தடவை பட்ட பாட்டைச் சொல்லிவிட வேண்டும். வாந்தி தொடங்கும் முன்பே, அல்லது தொடங்கிய அன்றே மாத்திரையை ஆரம்பித்தால் கடுமை குறைகிறது. இடையில் நிலைமை கைமீறினால், ராத்திரி என்றாலும் 108ஐக் கூப்பிடலாம். தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை கொண்டுபோக அவர்களே வருவார்கள்.