தஞ்சைக்கு ஒரு முகமூடி வீரன்

1939-இல் அறிமுகமான பேட்மேனை விக்டோரியா காலத்துக்குக் கொண்டுபோன அனிமேஷன் படம் ‘பேட்மேன்: காத்தம் பை கேஸ்லைட்’. பிரையன் அகஸ்டின் எழுதி மைக் மிக்னோலா வரைந்த 1989-ஆம் ஆண்டு காமிக்ஸைத் தழுவி, 2018-இல் சாம் லியூ இயக்கினார். 1888-இல் லண்டனை நடுங்கவைத்த ஜாக் தி ரிப்பர்தான் வில்லன். வழக்கமாகப் பேட்மேனுக்குத் தோள்கொடுக்கும் போலீஸ் அதிகாரி கார்டனே அந்தக் கொலைகாரன் என்று படம் முடிகிறது. சட்டத்தைக் காப்பவரே அதைக் குலைத்தால் யாரிடம் முறையிடுவது?

இதே கேள்வியைத் தஞ்சாவூர் அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறது. 1855-இல் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மறு ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் கமிஷனர் ஃபோர்ப்ஸ் படையோடு அரண்மனைக்குள் புகுந்து, மன்னரின் சொந்தச் சொத்துக்கும் சேர்த்து முத்திரை வைத்தார். மூத்த ராணி காமாட்சி பாய் கம்பெனி மீதே வழக்குப் போட்டார். சென்னையில் வென்றார். 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அரசு தன் அதிகாரத்தால் செய்தது நியாயமா அநியாயமா என்று நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பது அதன் முடிவு. இதைவிடப் பெரிய வில்லனை எந்தக் கதாசிரியர் கற்பனை செய்துவிட முடியும்?

அரண்மனைக்கு வெளியிலும் கதை கொட்டிக் கிடக்கிறது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் வந்தது. டெல்டா நெல் இலங்கைக்குப் போனது. ஏழைகள் நாகைத் துறைமுகத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போனார்கள். மிராசுதார் நிலத்தில் பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தார்கள். பேட்மேன் முகமூடிக்குள் இருக்கும் புரூஸ் வேய்ன் கோடீஸ்வரர். காவிரிக் கரையின் வீரன் சேரியிலிருந்து வர வேண்டும்; வெள்ளைக்காரனோடு உள்ளூர் மிராசுதாரையும் எதிர்க்க வேண்டும். அப்போதுதான் அது தஞ்சைக் கதை.

தமிழில் ‘கோச்சடையான்’ என்ற அனிமேஷன் படம் 2014-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் சரித்திரம் என்றால் நமக்கு ராஜாக்களும் சோழர் காலமும்தான். பழைய தஞ்சையைச் செட் போட்டு எடுக்கப் பெரும் பணம் வேண்டும். அனிமேஷனில் வரைந்தே எழுப்பிவிடலாம். அரண்மனை நடைமுறைகளுக்குச் சரஸ்வதி மகால் நூலகத்தின் மோடி எழுத்து ஆவணங்கள் இருக்கின்றன. தஞ்சை ஓவியர்கள் வெள்ளையருக்காக வரைந்த கம்பெனி ஓவியங்களில், ஒவ்வொரு தொழில் செய்தவரும் என்ன உடுத்தினார் என்பதுவரை பார்க்கலாம்.

தோற்ற ராணியின் வழக்கும் பெயர் தெரியாத பண்ணையாளின் வாழ்க்கையும் பாடப்புத்தகத்தில் நாலு வரி பெறுவதே அரிது. ஒரு நல்ல அனிமேஷன் படம் அவற்றை நம் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்கும். அடுத்த சோழர் படத்துக்கு முன்னால் யாராவது இதைக் கையிலெடுக்க வேண்டும்.