தண்டராவும் பாலையும்: காரைநகரிலிருந்து ஒரு நோக்கு

வறட்சியை மழையின்மையின் மறுபெயராகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. வடமுனையின் இரு நிலங்களைக் காரைநகரோடு ஒப்புநோக்கின் இவ்வழக்கின் போதாமை புலனாகும்.

தண்டரா, வடமுனைப் பாலை ஆகிய இரண்டும் பொதுவாக ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குட்பட்ட மழையும் பனியுமே பெறுபவை. எனினும் தண்டராவின் குறுங்கோடையில் மேல்மண் இளகுகிறது. அதன்கீழ் நிரந்தரமாக உறைந்துள்ள நிலம் நீரைக் கீழிறங்கவிடாது தாங்குகிறது. ஆதலாற் சதுப்பும் பாசியும் குறுஞ்செடியும் தோன்றுகின்றன. யமால் குடாநாட்டு நெனெத்சு மக்களின் பனிமான் மேய்ச்சல் வாழ்வு இவ்வடிப்படையில் எழுந்ததே. இன்னும் வடக்கே, பிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டத்திற் கோடையின் வெப்பமும் உறைநிலையைச் சற்றே கடக்கிறது. அங்கு நிலத்தின் பெரும்பகுதி வெறுமையானது, தொல்குடிகளும் இல்லை. எனவே, பெறும் நீரின் அளவினும் அது உயிர்க்குப் பயன்படும் நிலையே இவ்விரு நிலங்களையும் வேறுபடுத்துகிறது எனலாம்.

யாழ்ப்பாணப் பகுதியின் ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. ஆயினும் காரைநகரிற் குடிநீர் அரிது. மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்கிறது. சுண்ணக்கல் அதனை உறிஞ்சிவிடுகிறது. நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பதால், மிகையாக இறைத்தாற் கிணறு உவராகும். தண்டராவில் உறைநிலம் ஆற்றும் பணியை இங்கு குளமும் கேணியும் வயல்வரம்பும் ஆற்றவேண்டியுள்ளன. இவை மனித உழைப்பின் ஆக்கங்கள்.

உழைப்பால் தேக்கிய நீர் யாருடையது என்ற வினா இவ்விடத்து எழுகிறது. யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டு, பிறர் அள்ளி வார்க்கும்வரை காத்து நின்றமை வரலாறு. நிறைந்த கிணற்றின் அருகிலேயே அவர்களுக்குப் பாலை இருந்தது.

தொல்காப்பியம் பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் கூறும். திணைக்கோட்பாட்டின் சமூகப் பொருளாதார அடிப்படையை 1974இல் வெளிவந்த கட்டுரையொன்றிற் கா. சிவத்தம்பி ஆராய்ந்தமையும் மனங்கொள்ளத்தக்கது. பாலை ஒரு நிலமன்று, நிலம் எய்தும் நிலை என்ற அப்பழங்கருத்து இத்தீவுக்கு வெகுவாகப் பொருந்தும். தூர்ந்த குளத்தையும் உவரேறிய கிணற்றையும் இயற்கையின் விதியெனக் கூறி அமைதல் ஆய்வாகாது. நீரைத் தேக்கியவர் யார், பகிர்ந்தவர் யார், விலக்கப்பட்டவர் யார் என வினவுமிடத்தே காரைநகரின் வறட்சி பற்றிய மெய்யான ஆய்வு தொடங்குகிறது.