நஷ்டஈட்டில் விழும் வெட்டு

விதியை மீறியதும் விபத்துக்குக் காரணமானதும் ஒன்றல்ல என்கின்றன நீதிமன்றங்கள். அடிபட்டவர் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது.

2008 செப்டம்பரில் ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து வந்த கார் மோதியதில், வண்டியை ஓட்டாமல் பின்னால் உட்கார்ந்திருந்த 23 வயது இளைஞர் இறந்தார். பெற்றோர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். இருவர் போக வேண்டிய வண்டியில் மூவரில் ஒருவராகப் போனது அவருடைய தவறு என்று சொல்லி, டெல்லி உயர் நீதிமன்றம் தொகையில் 10 சதவீதத்தை வெட்டியது.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வெட்டை ரத்து செய்தது. மூன்று பேர் ஏறியது சட்ட மீறலாக இருக்கலாம். ஆனால் அதனால்தான் விபத்து நடந்தது என்றோ, அடி கடுமையானது என்றோ காட்ட ஆதாரம் வேண்டும். அந்த வழக்கில் அது இல்லை.

அடிபட்டவரின் தவறும் விபத்துக்கு ஒரு காரணமாக இருந்தால் அதற்குப் பங்களிப்புக் கவனக்குறைவு என்று பெயர். மொத்த நஷ்டஈடு 20 லட்சம் ரூபாய், அவருடைய பங்கு 25 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், கைக்கு வருவது 15 லட்சம்தான்.

ஒரு காலத்தில் இதுவும் கிடைத்திருக்காது. 1809இல் இங்கிலாந்தில், வீட்டைப் பழுது பார்த்த ஒருவர் சாலையில் வைத்திருந்த கம்பத்தில் வேகமாகக் குதிரையில் வந்தவர் மோதி விழுந்தார். கவனமாக வந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று சொல்லி அவருக்கு ஒன்றுமே தரவில்லை நீதிமன்றம். தவறுக்கு ஏற்பத் தொகையைக் குறைக்கும் சட்டம் அங்கே 1945இல்தான் வந்தது. நாடு முழுவதற்கும் பொருந்தும் அப்படியொரு சட்டம் இந்தியாவில் இல்லை என்றாலும், நீதிமன்றங்கள் அந்தக் கொள்கையையே பின்பற்றுகின்றன.

இரண்டு பஸ் வழக்குகள் இதை விளக்கும். மத்தியப் பிரதேசத்தில் ஜன்னல் விளிம்பில் முழங்கையை வைத்திருந்த பயணிக்கு எதிரே வந்த லாரியால் அடிபட்டது. பயணிகள் அப்படி உட்காருவது வழக்கம், டிரைவர்கள்தான் அதை மனதில் வைத்து ஓட்ட வேண்டும் என்று சொல்லி அங்குள்ள உயர் நீதிமன்றம் பயணியைக் குறை சொல்ல மறுத்தது. மேற்கு வங்கத்தில் பஸ்ஸின் கூரையில் பயணம் செய்தவர் மரக்கிளை மோதி இறந்தார். கூரையில் ஏறச் சொன்னவர் கண்டக்டரே. ஆனாலும், தெரிந்தே ஆபத்தை ஏற்றுக்கொண்டதால் பயணிக்கும் பங்குண்டு என்றது கல்கத்தா உயர் நீதிமன்றம்.

ஹெல்மெட் வாதத்தையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். தலையில் அடிபட்டிருந்தால் அது எடுபடக்கூடும். கால் முறிந்தவரிடம் ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்பதில் அர்த்தமில்லை.

அடிபட்டவர் மீது தவறு சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பெரும்பாலும் அது இன்சூரன்ஸ் கம்பெனி. வெறும் சந்தேகம் போதாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இறந்தவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மது வாடை குறிப்பிடப்பட்டிருந்தது. அதை மட்டும் வைத்து அவர் தாறுமாறாகக் கார் ஓட்டினார் என்று முடிவு கட்ட முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மோதலுக்குப் பின் வண்டிகள் நின்ற இடத்தைக் காட்டும் மகஜரும் தனியாகப் போதாது என்றது.

இரண்டு பஸ்கள் மோதி, அதில் ஒரு பயணிக்கு அடிபட்டால் நிலைமை வேறு. டிரைவர்கள் இருவர் மீதும் தவறு இருக்கலாம், பயணி மீது இல்லை. இது கூட்டுக் கவனக்குறைவு. அவர் முழுத் தொகையையும் இரு தரப்பில் யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தங்கள் பங்கை அவர்கள் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

யார் தவறு என்று நிரூபிக்காமலேயே பெறும் வழியும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 164ஆவது பிரிவின்படி மரணத்துக்கு 5 லட்சமும் படுகாயத்துக்கு இரண்டரை லட்சமும் கிடைக்கும். நன்றாகச் சம்பாதித்தவரின் குடும்பத்துக்கு இது போதாது. அதிகம் வேண்டுமானால் 166ஆவது பிரிவின் கீழ் எதிர்த்தரப்பின் தவறை நிரூபிக்க வேண்டும்.

ஆகவே முதல் சில நாட்கள் முக்கியம். முதல் தகவல் அறிக்கையின் நகல், சம்பவ இடத்தின் போட்டோக்கள், பார்த்தவர்களின் விலாசம் ஆகியவை பின்னால் சதவீதக் கணக்கில் பேசும். லோக் அதாலத்தில் சமரசம் பேசும்போதும் எச்சரிக்கை தேவை. அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகு அப்பீல் கிடையாது. தொகையில் 10 சதவீதமோ 25 சதவீதமோ குறைத்திருந்தால், எந்தத் தவறுக்காக, அதற்கு என்ன ஆதாரம் என்று பேனாவை எடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.